பங்குடைமையும் விலை வேட்டையும்

1906ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்றும், அத்தொகை ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகளாய்ப் பிரித்து விற்கப்படும் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் விடுவது தனி வணிகர் ஒருவருடைய கைப்பொருளால் அந்நாளில் எளிதில் ஆகக்கூடிய காரியமன்று. ஆயினும், 25 ரூபாயை ஒதுக்கி வைக்கக்கூடிய குடும்பஸ்தர் பெருஞ்செல்வரோடு ஒரே ஸ்தாபனத்தில் பங்கு பெற்று, அந்தக் கப்பலின் சிறு பகுதிக்கு உடையவராகலாம் என்ற ஏற்பாட்டினால் அது கைகூடிற்று. அரசாங்கத்தின் அடக்குமுறையாலும், போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதாலும் சுதேசிக் கம்பெனி நலிந்து, 1911இல் கலைக்கப்பட்ட சோக வரலாற்றை நாம் அறிவோம். அதே 1906 அக்டோபரில்தான் சென்னையில், மேல்நாட்டாரும் நம்மவரும் ஒருங்கே நம்பிப் பணம் போட்டிருந்த அர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று. அங்கே பணம் போட்டவர்கள் எந்தத் தொழிலுக்கும் உடையவர்களாக இருக்கவில்லை. வட்டிக்குக் கொடுத்தவர்களாகவே இருந்தனர். ஆயினும் அவர்களுடைய சேமிப்பும் அழிந்தது. அந்த நாசத்தின் விளைவாகவே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்கு தோன்றிற்று.

ஒரே மாதத்தில் நிகழ்ந்த இவ்விரண்டையும் நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பங்கு வாங்குவது சூதாட்டம், வட்டிக்குக் கொடுப்பது பத்திரம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களை நம்பி 1990களில் தமிழ்நாட்டு மக்கள் பட்ட பாட்டையும், அதன் பயனாக 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்ததையும் நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். ஆபத்து கடனிலும் உண்டு, உடைமையிலும் உண்டு. எந்த ஆபத்தை, எதற்காக, எவ்வளவு ஏற்கிறோம் என்பதை அறிந்து ஏற்கிறோமா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

ஒரு கம்பெனி தன் வருமானத்திலிருந்து தொழிலாளருக்குச் சம்பளமும், சரக்குத் தந்தவருக்கு விலையும், பாங்குக்கு வட்டியும், சர்க்காருக்கு வரியும் கொடுத்துத் தீர்த்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே பங்குதாரருக்கு உரியது. கொடுக்கவேண்டிய வரிசையில் அவர் கடைசியில் நிற்கிறார். ஒன்றும் எஞ்சாத ஆண்டில் ஒன்றும் பெறாமல் போகிறார். தொழில் மூடப்பட்டால், கடன்காரர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்தால்தான் அவருக்கு ஏதேனும் கிடைக்கும். இவ்வளவு கீழான இடத்தை அவர் ஏற்பதற்கு ஈடாக, தொழில் வளர்ந்தால் அவ்வளர்ச்சி முழுவதும் அவரையே சேர்கிறது. வட்டிக்குக் கொடுத்தவருக்கோ, கம்பெனி நூறு மடங்கு வளர்ந்தாலும் பேசிய வட்டியே கிடைக்கும். மேலும் கம்பெனி எவ்வளவு கடன்பட்டு வீழ்ந்தாலும், பங்குக்காகக் கொடுத்த தொகைக்கு மேல் பங்குதாரருடைய வீட்டையும் நிலத்தையும் யாரும் கேட்க முடியாது. உடைமை அளவற்றதாகவும் பொறுப்பு அளவுள்ளதாகவும் இருக்கும் இந்த நூதனமான ஏற்பாட்டை, நவீன காலத்தின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றென்றே நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. கம்பெனிக்குக் கொடுத்த பணத்தைப் பங்குதாரர் கம்பெனியிடம் திருப்பிக் கேட்க முடியாது; அது இயந்திரமாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் வைத்தவர் தம் பங்கை வேறொருவருக்கு விற்றுத்தான் பணமாக்க வேண்டும். அவரையும் வாங்க விரும்பும் அந்நியரையும் ஓரிடத்தில் சந்திக்கச் செய்வதே பங்குச் சந்தையின் மூல தர்மம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய் டவுன் ஹாலுக்கு அருகே ஓர் ஆலமரத்தடியில் கூடிப் பங்குகளை விற்று வாங்கிவந்த தரகர்கள் 1875இல் ஒரு சங்கமாக அமைந்தனர். அதுவே இன்றைய பம்பாய்ப் பங்குச் சந்தை. சங்கம் அமைவதற்குப் பத்தாண்டு முன்பே அந்நகரம் பெரியதொரு பாடத்தைக் கற்றிருந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது தடைப்பட்டதும், பம்பாய்ப் பஞ்சுக்கு என்றும் இல்லாத விலை கிடைத்தது. வந்து குவிந்த பணத்துக்குப் போக்கிடம் தேடி, பாங்குகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் காளான்போல் முளைத்தன. அவற்றின் பங்குகள் முகமதிப்புக்குப் பன்மடங்கு விலை போயின. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பெருந்தரகரின் சொல்லுக்கு நகரமே கட்டுண்டு கிடந்தது. 1865இல் போர் முடிந்தது. பஞ்சு விலை விழுந்தது. கம்பெனிகளும், அவற்றின் பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த பாங்குகளும் அடுத்தடுத்து வீழ்ந்தன. அப்பங்குகளை வாங்கியவர்களுள் பலர், தூர்க்கப்படும் நிலத்தால் என்ன வருமானம் வரும் என்று கணக்கிட்டு வாங்கியவர்கள் அல்லர். இன்று வாங்கியதை நாளை அதிக விலைக்கு வாங்க ஒருவன் வருவான் என்ற நம்பிக்கையையே வாங்கியவர்கள்.

சென்னையிலும் பங்குச் சந்தை இருந்தது. 1920இல் தோன்றி, இடையில் நின்றுபோய், 1937இல் மறுபடி நிறுவப்பட்ட அச்சந்தை, பம்பாயில் அமைந்த தேசியப் பங்குச் சந்தையின் கணினித் திரைகள் நாடெங்கும் பரவியபின் வியாபாரம் இழந்து, 2015இல் சந்தை என்ற அந்தஸ்தையும் விட்டு விலகிற்று. மாநிலத்துக்கொரு சந்தை மறைந்ததைப் பற்றி வருந்துவோர் உண்டு. ஆனால் பழைய முறையில் சாமானியர் அடைந்த இன்னல்கள் கொஞ்சமா? தரகர்கள் கூடத்தில் நின்று கூவிப் பேசிய விலை என்னவென்று வெளியூர்க்காரருக்குத் தெரிய வழியில்லை. தரகர் சொன்னதே விலை. வாங்கிய பங்குக்குரிய காகிதப் பத்திரம் தபாலில் கம்பெனிக்குப் போய்ப் பெயர் மாறித் திரும்புவதற்கு மாதங்கள் ஆகும்; கையெழுத்துச் சற்றே வேறுபட்டால் திருப்பி அனுப்பப்படும்; போலிப் பத்திரங்களும் நடமாடின. 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினி வழியே வியாபாரத்தைத் தொடங்கியதும், 1996இல் காகிதப் பத்திரங்களுக்கு மாற்றாக டீமேட் கணக்கு வந்ததும், என் அபிப்பிராயத்தில், நம் நாட்டுச் சிறு சேமிப்பாளருக்குக் கிடைத்த பெரிய நீதிகள்.

இன்று அந்தச் சந்தை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துகிறவர் பலர், அழுத்தியபின் என்ன நிகழ்கிறது என்பதை அறியாதவராகவே இருக்கின்றனர். வேலை நாட்களில் காலை 9.15 மணி முதல் மாலை 3.30 மணி வரை சந்தை நடக்கிறது. ஒவ்வொரு கம்பெனியின் பங்குக்கும் சந்தையின் கணினியில் இரண்டு வரிசைகள் உண்டு: என்ன விலைக்கு எத்தனை வாங்கத் தயார் என்று சொன்னவர்கள் ஒரு வரிசை, என்ன விலைக்கு எத்தனை விற்கத் தயார் என்று சொன்னவர்கள் மற்றொன்று. அதிக விலை தர முன்வந்த வாங்குவோரும், குறைந்த விலைக்குத் தர முன்வந்த விற்போரும் தத்தம் வரிசையின் தலையில் நிற்பர். விலை ஒன்றாயின் முந்தி வந்தவருக்கு முதலிடம். இரண்டு வரிசைகளின் தலைகளும் ஒரு விலையில் சந்திக்கும் கணத்தில் வியாபாரம் முடிகிறது. அந்த விலையே திரையில் கடைசி விலையாகத் தோன்றுகிறது. ஆகவே திரையில் காணும் விலை, கம்பெனியின் மதிப்பைப் பற்றிச் சான்றோர் கூடி அளித்த தீர்ப்பு என்று எண்ணுவது பெரும்பிழை. எங்கோ ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டியிருந்ததும், வேறெங்கோ ஒருவருக்கு அன்று வாங்க மனம் வந்ததும் சேர்ந்து பிறப்பித்த ஓர் எண் அது.

லிமிட் ஆர்டர், மார்க்கெட் ஆர்டர் என்ற இரண்டின் வேறுபாடும் இந்த வரிசையை அறிந்தால்தான் புரியும். ஒரு கம்பெனியின் பங்கை 201 ரூபாய்க்கு 500, 201.50க்கு 300, 202க்கு 1,000 என்று விற்போர் வரிசையில் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். விலை எதையும் குறிப்பிடாமல் 1,000 பங்கு வேண்டும் என்று ஒருவர் மார்க்கெட் ஆர்டர் இட்டால், கணினி முதலில் நிற்பவரிடமிருந்து 500, அடுத்தவரிடமிருந்து 300, மூன்றாமவரிடமிருந்து 200 என்று எடுத்துக் கொடுக்கும்; மொத்தம் 2,01,350 ரூபாய் ஆகும். திரையில் 201 என்று கண்டு வாங்கியவருக்குச் சராசரியாக 201.35 விழுகிறது. பெருங்கம்பெனிகளில் இந்த வித்தியாசம் அற்பம். நாளொன்றுக்குச் சில ஆயிரம் பங்குகளே கைமாறும் சிறு கம்பெனிகளில் இதுவே பெருநஷ்டத்துக்கு வாயிலாகும். இதற்கு மேல் தரமாட்டேன் என்று தம் விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் இடுவதே சிறு முதலீட்டாளருக்கு உகந்தது. அந்த விலைக்கு விற்போர் வராவிடில் பங்கு கிடைக்காது என்பதைத் தவிர அதில் வேறு தீங்கில்லை.

வியாபாரம் முடிந்தபின் பணமும் பங்கும் கைமாறுவதை கிளியரிங் கார்ப்பரேஷன் என்ற இடைநிலை ஸ்தாபனம் பார்த்துக்கொள்கிறது. விற்றவருக்கு அது வாங்குபவராகவும், வாங்கியவருக்கு அது விற்பவராகவும் நடுவில் நிற்பதால், எதிரில் உள்ளவர் சொன்ன சொல் தவறுவாரோ என்ற அச்சம் இருவருக்கும் இல்லை. 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும், வியாபாரம் நடந்த மறு வேலை நாளிலேயே பங்கு வாங்கியவரின் டீமேட் கணக்கிலும் பணம் விற்றவரின் கணக்கிலும் சேர்ந்துவிடும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. அன்றே வாங்கி அன்றே விற்று, வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் இன்ட்ராடே வியாபாரத்தில் பங்கு கணக்குக்கே வருவதில்லை. டெலிவரி எடுத்து வைத்திருப்பவரும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி கட்டுகிறார். புரோக்கர் கட்டணம், முத்திரை வரி, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை வேறு. ஆண்டுக்கு இரண்டு முறை வாங்குபவருக்கு இவை கண்ணுக்குத் தெரியாத அளவு. நாளுக்கு இருபது முறை வாங்கி விற்பவருக்கோ, லாபம் என்று ஒன்று பிறக்குமுன்பே அதைத் தின்றுவிடும் செலவு.

இனி, எந்த விலைக்கு வாங்கலாம் என்ற சூட்சுமமான விஷயத்துக்கு வருவோம். ஒரு கம்பெனி வரி போக ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் லாபம் ஈட்டுகிறது என்றும், அது 1 கோடி பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். ஒரு பங்குக்கு உரிய லாபம் 10 ரூபாய். அப்பங்கு 200 ரூபாய்க்கு விற்றால், ஓராண்டு லாபத்தைப்போல் 20 மடங்கு கொடுத்து வாங்குகிறோம். வேறு விதமாகச் சொன்னால், நாம் போட்ட பணத்துக்கு அக்கம்பெனி இன்று ஈட்டுவது 5 சதவீதமே. பாங்கு வைப்பு நிதியே இதைவிட அதிகம் தரும்போது ஏன் வாங்கவேண்டும்? லாபம் வளரும் என்ற எதிர்பார்ப்பினால். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் ஆறு ஆண்டுகளில் லாபம் ஏறக்குறைய இருமடங்காகி, பங்குக்கு 20 ரூபாய் என்று ஆகும். அப்போதும் ஜனங்கள் 20 மடங்கு தர முன்வந்தால் விலை 400 ரூபாய். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் உலகத்தின் மனநிலை மாறி, 10 மடங்குதான் தருவோம் என்றால், விலை அதே 200 ரூபாயாகவே நிற்கும்; கம்பெனி நன்றாக நடந்தும், நிர்வாகிகள் யோக்கியர்களாக இருந்தும், லாபம் இரட்டித்தும், வாங்கியவருக்கு இடையில் வந்த டிவிடெண்டைத் தவிர வேறு பலனில்லை. நல்ல கம்பெனி என்பதும் நல்ல முதலீடு என்பதும் வெவ்வேறு என்ற உண்மையை இந்தச் சிறு கணக்கு காட்டுவதுபோல் வேறெந்த உபதேசமும் காட்டாது. தென்னந்தோப்பு வாங்குகிறவர் மரங்களின் எண்ணிக்கையையும் காய்ப்பையும் நீர்வளத்தையும் பார்த்து விலை பேசுகிறார். வாங்கியபின் வேலிக்கு வெளியே யாரோ தினமும் வந்து கூறும் விலையைக் கேட்டுக் கலங்குவதில்லை. பங்கு வாங்குவதற்கும் அதே விவேகம் போதும்.

காலம் இந்த முறையில் முதலீடு செய்பவருக்குத் துணை என்று சொல்லப்படுகிறது. அது மெய்யே; ஆனால் முழு மெய்யையும் சொல்லவேண்டும். 1978-79ஆம் ஆண்டின் விலைகளை 100 என்று கொண்டு கணக்கிடப்படும் சென்செக்ஸ் குறியீட்டு எண் 2024 ஜூலையில் 80,000ஐக் கடந்தது. டிவிடெண்டைச் சேர்க்காமலே பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதக் கூட்டு வளர்ச்சி. இதைக் காட்டி ஆசை மூட்டுவோர் சொல்லாமல் விடுவது இரண்டு. குறியீட்டு எண்ணில் உள்ள 30 கம்பெனிகளும் என்றும் அவையே அல்ல; நலிந்தவை நீக்கப்பட்டு வளர்ந்தவை சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஏதோ ஒரு பங்கை வாங்கிப் பூட்டி வைத்தவருக்கும் இந்த வளர்ச்சி கிடைத்திருக்கும் என்று சொல்ல இயலாது. மற்றொன்று, நடுவில் வந்த நீண்ட வறட்சிகள். 1992 ஏப்ரலில் ஏறக்குறைய 4,500 என்ற உச்சத்தில் வாங்கியவர் ஏழாண்டு கழித்தும் அதற்குக் கீழேயே நின்றார். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட எண் அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கு அருகே வந்தது. 2020 மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்தது. அன்று காலை 10 சதவீதம் விழுந்தவுடன் விதிப்படி சந்தையே சிறிது நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்று விற்று ஓடியவர்களுள் எத்தனை பேர், வரும் மாதங்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் உரிய பணத்தைச் சந்தையில் போட்டுவிட்டு, வேறு கதியின்றி விற்றவர்களோ! ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடலாகாது என்ற பழைய விதிக்கு இதுவே ஆதாரம். பாதியாக விழுந்த முதல், பழைய நிலைக்கு வர 50 சதவீதம் ஏறினால் போதாது, இருமடங்காக வேண்டும்.

இவ்வளவும் பங்குடைமையைப் பற்றியது. என் மனத்தை உண்மையில் உறுத்துவது வேறொன்று. 2024ஆம் ஆண்டில் நாட்டில் டீமேட் கணக்குகள் 15 கோடியைக் கடந்தன. இந்தப் பெருக்கம் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் புதிதாக வரும் இளைஞர் பலர் பங்கின் வாயில் வழியே சந்தைக்குள் நுழையாமல், ஆப்ஷன்ஸ் என்ற வாயில் வழியே நுழைகின்றனர். ஆப்ஷன் என்பது ஒரு கம்பெனியில் எந்த உடைமையையும் தருவதில்லை. குறிப்பிட்ட நாளில் குறியீட்டு எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வித்தியாசத்தைப் பெறும் உரிமையை, பிரீமியம் என்ற தொகை கொடுத்து வாங்குவதே கால் ஆப்ஷன். ஏதோ ஒரு குறியீட்டு எண் 25,000ஐத் தாண்டும் என்று நம்பி, அலகுக்கு 100 ரூபாயாக 75 அலகுகளுக்கு 7,500 ரூபாய் கொடுத்து ஒருவர் வாங்கினால், முடிவு நாளில் எண் 25,100ஐத் தாண்டினால்தான் அவருக்கு லாபம். 25,000த்திலோ அதற்குக் கீழோ நின்றால் 7,500 ரூபாயும் போயிற்று. எண் ஏறும் என்ற கணிப்பு சரியாக இருந்து, முடிவு நாளில் ஏறவேண்டியது மறுநாள் ஏறினாலும் போயிற்று. அவர் இழந்த 7,500 அந்த ஆப்ஷனை எழுதி விற்றவரிடம் போய்ச் சேர்கிறது. பங்குதாரர் எல்லோரும் ஒருங்கே லாபமடைய முடியும். ஏனெனில் தொழில் புதிய செல்வத்தை உண்டாக்கித் தருகிறது. ஆப்ஷன் வியாபாரத்தில் ஒருவர் பெறுவது மற்றொருவர் இழந்ததே. நடுவில் புரோக்கர் கட்டணமும் வரியும் கழிவதால், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் எப்போதும் நஷ்டமே.

பயிரிடும் விவசாயியும், டாலரில் வருமானம் பெறும் திருப்பூர் ஏற்றுமதியாளரும், பெருந்தொகையைப் பங்குகளில் வைத்திருக்கும் நிதியும், வருங்கால விலை மாறுதலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இத்தகைய ஒப்பந்தங்கள் அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. காப்பு தேடுபவருக்காக ஏற்பட்ட கருவி, காக்கவேண்டிய பொருள் எதுவும் இல்லாத 25 வயது இளைஞனுடைய கையில் மாதச் சம்பளத்தைப் பணயம் வைக்கும் கருவியாகிவிட்டதே துயரம். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இத்துயரத்தின் அளவைச் சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் ஈடுபட்ட 1 கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களுள் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர், நஷ்டம் சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பாதித்தவர் நூற்றுக்கு ஒருவர். இவ்வியாபாரத்தில் 30 வயதுக்குட்பட்டோரின் விகிதம் ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாயிற்று. நான்கில் மூவர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று அறிவித்தவர்கள். எதிர்ப்புறத்தில் லாபமடைந்தவர்கள் யாரெனில், கணினிகளைக் கொண்டு நொடியின் சிறு கூறுகளில் வியாபாரம் செய்யும் வெளிநாட்டு நிதிகளும், சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்களும். இந்த எண்களைப் படித்தபின்னும், தனிமனிதரின் சுதந்திரத்தில் தலையிடலாகாது என்று வாதிப்போரை எவ்வாறு புரிந்துகொள்வது?

செபி ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. 2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்திற்று. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களைச் சந்தைக்கு ஒன்றாகக் குறைத்தது. அவ்வாறு செய்தும், 2024-25இல் நஷ்டமடைந்த தனிநபர்கள் 91 சதவீதம் என்றும், அவர்களுடைய நிகர நஷ்டம் 1 லட்சம் கோடிக்கு மேல் என்றும் அதனுடைய அடுத்த ஆய்வே சொல்லிற்று. இவ்வியாபாரத்தில் இறங்குமுன் பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகின்றனர் என்ற எச்சரிக்கையை வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் இருக்கிறது. அந்த எச்சரிக்கை அவரவர் தாய்மொழியில், கடந்து போக முடியாதபடி வரவேண்டும். அவர் சென்ற ஆண்டு தாமே இழந்த தொகையும் அதனுடன் சேர்ந்து வரவேண்டும். வருமானச் சான்றும், சிறு தேர்வும் இல்லாமல் எவருக்கும் ஆப்ஷன்ஸ் கணக்குத் திறக்கலாகாது. வாகனம் ஓட்டவே உரிமம் கேட்கும் சர்க்கார், இதற்குக் கேட்பதில் தவறென்ன?

சந்தையில் வஞ்சகமும் உண்டு. 1992இல் பாங்குகளின் பணம் போலி ரசீதுகளின் மூலம் ஹர்ஷத் மேத்தா என்ற தரகர் வழியே பங்குகளில் பாய்ந்து விலைகளை ஏற்றியதும், 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவரே தம் கணக்குப் புத்தகங்கள் பொய் என்று எழுதிக் கொடுத்ததும் நாடறிந்தவை. தேர்ந்த தணிக்கையாளரும் பெரிய நிதிகளும் ஏமாந்த இடத்தில், டெலிகிராம் குழுவில் முகம் தெரியாதவர் சொல்லும் பங்கை வாங்குபவர் ஏமாறாமல் இருப்பது எப்படி? இன்ன பங்கு அடுத்த வாரம் இரட்டிக்கும் என்று ஒருவர் உறுதி சொன்னால், அதை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறார் என்றும், விற்பதற்கு ஆள் தேடுகிறார் என்றும் அனுமானிப்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எனவே சாமானியக் குடும்பம் செய்யக்கூடியது என்ன என்று கேட்போருக்கு நான் சொல்வது மிக எளிய, ஆரவாரமற்ற வழி. ஆறு மாதச் செலவுக்குரிய பணம் பாங்கில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு இருக்கட்டும். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒரு பங்கும் வாங்கவேண்டாம். அதன்பின் எஞ்சும் நீண்டகாலச் சேமிப்பின் ஒரு பகுதியை, ஐம்பது பெரிய கம்பெனிகளையும் ஒருங்கே வாங்கித் தரும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில், மாதந்தோறும் ஒரே தேதியில் எஸ்.ஐ.பி. முறையில் போட்டு வரலாம். விலை குறைந்த மாதத்தில் அதே பணத்துக்கு அதிக யூனிட்டுகள் சேரும். எது நல்ல கம்பெனி, எது நல்ல நேரம் என்ற இரண்டு கடினமான கேள்விகளும் எழவே எழா. தனிக் கம்பெனிகளை வாங்கும் ஆர்வமும் அவகாசமும் உள்ளவர்கள், வாங்குமுன் அக்கம்பெனியின் ஐந்தாண்டு ஆண்டறிக்கைகளைப் படிக்கவேண்டும். கடன் எவ்வளவு, லாபம் ரொக்கமாக வருகிறதா, அல்லது வரவேண்டிய பாக்கியாகவே நிற்கிறதா, நிர்வாகிகள் தம் சொந்தப் பங்குகளை அடகு வைத்திருக்கின்றனரா என்ற மூன்றையுமேனும் பார்க்கவேண்டும். வாங்கியபின், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும் அறிவிப்பை அழித்துவிடாமல், ஈ-வோட்டிங் மூலம் தம் வாக்கை அளிக்கவேண்டும். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

இறுதியாக, வீடுகளில் பெரிதும் கவனிக்கப்படாத ஒன்று. கணவர் வாங்கிய பங்குகள் எவை என்று மனைவிக்கும், தந்தை தொடங்கிய கணக்கு எங்கே என்று பிள்ளைகளுக்கும் தெரியாத குடும்பங்கள் பல. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்டைப் பெற்றுக்கொள்ளாவிடில், அந்த டிவிடெண்டு மட்டுமல்லாமல் பங்குகளுமே, கம்பெனிச் சட்டத்தின்படி, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்பட்டுவிடும். உரியவர்கள் அவற்றைத் திரும்பப் பெறலாம் என்றாலும், வாரிசுச் சான்று முதலிய பத்திரங்களோடு நெடுநாள் அலைய நேரிடும். டீமேட் கணக்கு தொடங்கும் அன்றே நாமினியின் பெயரைப் பதிவு செய்து, கணக்கு எண்ணையும் புரோக்கரின் பெயரையும், வைத்திருக்கும் பங்குகளின் பட்டியலையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வைத்து, அது அங்கே இருப்பதை வீட்டாருக்கும் சொல்லிவிட வேண்டும்.